தண்டனைக்குச் சிக்காத கொலையாளி

ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய, சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டூரன்மாட் 1958இல் வெளியிட்ட ‘வாக்குறுதி’ நாவல் என்னை உலுக்கிவிட்டது. சிறுமியைக் கொன்றவனைப் பிடிப்பதாக அவளுடைய தாய்க்கு வாக்களித்த காவல் அதிகாரி மத்தேய், பெட்ரோல் பங்க் நடத்தியபடி, இன்னொரு சிறுமியைத் தூண்டில் இரையாக்கிக் காத்திருக்கிறார். கொலையாளி அவ்வழியே வருவான் என்ற அவருடைய கணிப்பு சரியானதே. ஆனால், கொலையாளி வரும் வழியில் கார் விபத்தில் இறந்துவிட, அதை அறியாத மத்தேய் குடித்துச் சீரழிகிறார். இக்கதைக்கு ஆசிரியர் முதலில் எழுதிய திரைப்படத்தில் குற்றவாளி சிக்கிவிடுகிறான். அதில் நிறைவு காணாமல்தான் நாவலாக்கினார். கோவைப் பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல் வாங்கி, கடைசிப் பக்கத்தில் விலங்கு பூட்டப்படுவதற்குப் பழகிய நம் வாசகர்களுக்கு இது கசக்கலாம். எனினும், சிறுமியைப் பணயம் வைத்தவருக்கு வெற்றியை மறுத்த அம்முடிவே எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் கதைசொல்லும் தொடக்கம் மட்டும் சற்று மந்தமானது.