சிகிச்சை சிமுலேஷன் மாடல்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

வேறொரு அமெரிக்க மாநிலத்தில் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதை தரும் வலிநிவாரணி வகை) வழக்குகளில் மருந்து நிறுவனங்கள் கட்டும் பணத்தில் எங்க கவுன்ட்டிக்கும் (மாவட்டம் மாதிரி) பங்கு வருது. உங்களை மாதிரி நாங்களும் ஒரு சிமுலேஷன் மாடல் வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது, ஓபியாய்டு பழக்கத்துக்கு எந்தச் சிகிச்சையில் பணம் போட்டால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று கணினியில் ஆளுக்கு ஆள் கணக்குப் போடும் மாடல். கற்பனை நபர்கள் வாரா வாரம் நிலை மாறுவார்கள்: போதையில், காத்திருப்புப் பட்டியலில், மெத்தடோனில், புப்ரெனார்ஃபினில் (இரண்டும் இந்தப் பழக்கத்துக்குத் தரும் சிகிச்சை மருந்துகள்), சிறையில். யாராவது ஒருவரின் வரியை மட்டும் திறந்தும் பார்க்கலாம். 3ஆம் வாரம் புப்ரெனார்ஃபின், 9இல் நிறுத்திவிட்டார், 14இல் சிறை, 22இல் விடுதலை, 23இல் ஓவர்டோஸ், மரணம். அதோடு வரி முடிந்துவிடும். முதல்முறை அதைப் பார்த்தபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அந்த 22-23 மிகையில்லை. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றிய 2007 ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸ் மரண அபாயம் மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. மெத்தடோன் எடுப்பவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 பேர் இறக்கிறார்கள், விட்டவர்களில் 36 பேர். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்த எண்கள்தான். ஆனாலும் டீடாக்ஸ் (சில நாட்களில் போதையை உடலிலிருந்து இறக்கும் சிகிச்சை) படுக்கைகளை இரட்டிப்பாக்கத்தான் பணம் ஒதுக்கவிருந்தோம். மாடலில் படுக்கைகளை ஏற்றிப் பார்த்தால் மரணக் கோடு அசையவே இல்லை. சிறைக்குள்ளேயே மருந்தை ஆரம்பித்து, வெளியே வந்ததும் விடாமல் தொடர்ந்தால் கோடு இறங்கியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி எரிச்சல். மொத்தம் எத்தனை பேருக்கு இந்த ஓபியாய்டு பாதிப்பு? எல்லாக் கணக்கும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது. 2015இல் தேசிய வீட்டுக் கணக்கெடுப்பு நாடு முழுக்க ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது. அதில் சிறையில் இருப்பவர்களும் தெருவில் படுப்பவர்களும் வருவதே இல்லை. அதே ஆண்டுக்கு மாசசூசெட்ஸில் பல துறைகளின் பதிவுகளை இணைத்துப் பார்த்தபோது, 11 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 சதவீதம் என்று வந்தது. எங்கள் மாடலில் எதைப் போடுவது? எண்ணைக் கொஞ்சம் மாற்றினாலே ஒரு உயிரைக் காக்கும் செலவு எங்கேயோ போய்விடுகிறது. செய்து கொடுத்தவர்கள் இதை அறிக்கையின் கடைசி இணைப்பில் வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் ஒரே ஒரு டாலர் தொகையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பட்ஜெட் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தத் தொகையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதன் மேல்வரம்பு, கீழ்வரம்பு என்ன என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இதற்கு நடுவில் 2024இல் நாடு முழுக்க ஓவர்டோஸ் மரணங்கள் சுமார் கால்வாசி குறைந்தன. எங்கள் மாடல் ஏறுமுகம் காட்டிக்கொண்டிருந்தது. சந்தையில் ஃபென்டனில் மாறும் வேகத்துக்குப் பழைய தரவில் சரிசெய்த மாடல் ஈடுகொடுக்காது. மறுபடி சரிசெய்ய மறுபடி பணம்.

நியாயமாகச் சொன்னால் இது மாடலின் குற்றம் இல்லை. யாரும் எண்ணாத மனிதர்களை அது எப்படி எண்ணும்? ஆனால் அந்த ஓட்டையை மூடி மறைத்து விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நண்பருக்கு என் பதில்: இந்த வருடம் வாங்க வேண்டாம். சிறையிலிருந்து வெளிவரும் தேதியையும், க்ளினிக்கில் முதல் டோஸ் போடும் தேதியையும் ஒரே பட்டியலில் சேர்க்க ஓர் ஆளை வேலைக்கு வையுங்கள். சிறையில் மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் கொடுக்க ஆரம்பியுங்கள். 2016இல் ரோட் ஐலண்ட் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், விடுதலையானவர்களின் ஓவர்டோஸ் மரணங்கள் 26இலிருந்து 9 ஆகின. இதற்கு எந்த மாடலும் தேவையில்லை. அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகும் மாடல் வேண்டுமென்று தோன்றினால் கூப்பிடுங்கள், ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.