ஓலையா, பேஸ்டலா, களிமண்ணா? மனநலக் குழுக்களுக்கான கைவேலைப் பொருட்கள்

மனநோயிலிருந்து மீண்டுவருகிற பத்துப் பேர் கிழமைக்கு ஒருக்கால் சனசமூக நிலையத்தில் கூடி ஏதாவது செய்வதென்றால், வழக்கமாக முதலில் வாங்குவது வர்ணப் பெட்டியும் கடதாசியும்தான். எங்கள் கணக்கில் அது இரண்டாமிடம். முதலிடம் பனங்குருத்தோலைக்கு.

வளர்ந்த ஆட்களுக்கு முன்னால் வெள்ளைத் தாளை வைத்தால் "எனக்குக் கீறத் தெரியாது" என்று கையைக் கட்டிவிடுவார்கள். ஓலையில் அந்தச் சிக்கல் குறைவு. பெட்டி இழைக்கத் தெரிந்த அம்மா ஒருவர் பெரும்பாலும் குழுவிலேயே இருப்பார். அவர் பழக்கிக்கொடுக்கத் தொடங்கினால், நோயாளி என்று வந்தவர் வாத்தியாராகிவிடுகிறார். எந்தப் பெட்டி வர்ணமும் இதைச் செய்யாது.

ஓலையை வார்ந்தே, அதாவது ஒடுக்கமான கீற்றுகளாகக் கிழித்ததையே, வாங்குங்கள். மண்டபத்துக்குள் கத்தி வரவேண்டாம். சின்னப் பெட்டிக்கு 1 சென்ரிமீற்றர் அகல வார் நல்லது, முறியும் என்பதால் ஆளுக்குச் சிலதைக் கூடுதலாக வையுங்கள். அகலம் கூடிக்குறைந்தால் பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் ஓலை வளையும். ஊறவிட்டால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். பலர் கைவிடுவது அடி போடும் இடத்தில். ஆகவே முதல் நாள் அடி போட்டதைக் கொடுத்துச் சுவரை மட்டும் இழைக்க விடுங்கள். காய்ந்த ஓலையின் விளிம்பு விரலை வெட்டும், பிளாஸ்ரர் கையிலிருக்கட்டும். கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

மருந்தையும் கவனிக்கவேண்டும். லிதியம் எடுப்பவரின் கை நடுங்கலாம், ஒடுக்கமான வார் அவருக்குச் சரிவராது. குளோர்ப்புரோமசீன் எடுப்பவரின் தோலை வெயில் சீக்கிரம் சுடும், முற்றத்தில் இருத்தாதீர்கள். மனநோய் மருந்துகள் சிலவற்றால் ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு வரும். எழும்பி நடப்பவரை "ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவது அநியாயம்.

ஒயில் பேஸ்டல் சத்தமில்லாமல் தனியே இருக்க விரும்புபவருக்கு நல்லது. இரண்டு பேருக்கு 12 நிறப் பெட்டி ஒன்று போதும், கறுப்பை மட்டும் மேலதிகமாக வாங்குங்கள். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெக்கையில் இளகிக் கையில் ஒட்டும். அது முழுதாகக் காய்வதேயில்லை, ஆகையால் படங்களுக்கிடையில் மெல்லிய ரிஷூத்தாள் வைக்காவிட்டால் ஒருவருடைய படம் மற்றவருடையதில் பதிந்துவிடும். அந்தச் சண்டையைத் தீர்ப்பது லேசில்லை.

களிமண் கடைசி. யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் இதற்கு உதவாது, குயவர் பாவிக்கிற மண் வேண்டும்: ஆளுக்கு அரைக் கிலோ. தடிப்பு 1 சென்ரிமீற்றருக்கு மேல் போனால், அல்லது வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரத்துணி மூடி நிழலில் சில நாட்கள் காயவேண்டும். சூளையில் சுடாவிட்டால் தண்ணீர் பட்டதும் திரும்பச் சேறு. தேறிவரும் ஒருவருடைய முதல் பொருள் அடுத்த கிழமை வெடித்துக் கிடப்பது சின்ன விஷயமில்லை.

எந்தப் பொருளைத் தெரிவுசெய்தாலும் பலன் ஒன்றுதானா? 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் என்று விரும்பியதைச் செய்தார்கள். சுமார் 75 வீதமானோருக்கு, மன அழுத்தத்தில் கூடும் ஹோர்மோனான கோர்ட்டிசோல் குறைந்தது. பொருளோ முன்னனுபவமோ வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் 2012இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 417 சிசோபிரேனியா (மனச்சிதைவு) நோயாளர்களிடம் குழுக் கலைச் சிகிச்சை வழமையான சிகிச்சையைவிட மேலதிக நன்மை காட்டவில்லை, வரவும் குறைவு. ஆகவே இழைக்கிறார் என்பதற்காகக் கிளினிக்கை நிறுத்தக்கூடாது. ஆட்கள் திரும்பி வருகிற பொருள்தான் நல்ல பொருள்.

ஓலையிலும் ஒரு பொறி உண்டு. பெட்டி விலைப்பட்டதும் "கிழமைக்கு இருபது தாங்கோ" என்று ஓடர் வரும், மண்டபம் வேலைத்தலமாகிவிடும். விற்பதென்றால் இழைத்தவருக்கே காசு, எண்ணிக்கைக் கட்டாயம் கிடையாது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.