பொட்டுவுக்கு எந்த வீடு?

பினாங்கில் ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் கிடந்த நாய்க்குட்டி இப்போது பத்து மாதத் தடியன். நெற்றியில் வெள்ளைத் திட்டு, அதனால் பொட்டு. ஊசி போட்டாயிற்று, கருத்தடையும் முடிந்தது. ஒரே கெட்ட பழக்கம்: வாசலில் கிடக்கும் சிலிப்பர் ஜோடியில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு ஓடுவான். யாராவது துரத்த வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து காட்டிவிட்டு மறுபடி ஓடுவான். என் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிழட்டு நாய்கள். அவனுக்கு வீடு தேடினேன், மூன்று பேர் கேட்டார்கள்.

முதலாவது பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டம். "அங்கேயே குடுத்துடு, நல்லா ஓடியாடும்" என்றார்கள் எல்லாரும். நேரில் போனால் கொட்டகைத் தூணில் மூன்று முழச் சங்கிலி தொங்குகிறது. பழம் விழும் மாதங்களில் ராத்திரிக் காவலுக்கு நாய் வேண்டுமாம். மற்ற நாளில் காலையில் ஒருவர் வந்து சோறு வைப்பாராம். திருடன் வந்தாலும் பொட்டு சிலிப்பரைத்தான் பார்ப்பான். வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்தது பாயான் லெப்பாஸ் கொண்டோ, பதினோராம் மாடி, இளம் ஜோடி. நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். இதயப்புழுவைக் கொசுதான் பரப்புகிறது, மாதாமாதம் மருந்து தவறக் கூடாது என்று எனக்கே சொன்னார்கள். பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் இருவரும் காலை ஏழுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழு. இந்த வயது நாயைப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டி வைத்தால் சோபாவைக் கிழிப்பான், ஊளையிடுவான். ஊளை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிப்படி, வளர்க்கும் பிராணி மற்றவர்களுக்குத் தொல்லை என்று எழுத்து மூலம் நோட்டீஸ் வந்தால் மூன்றே நாளில் அதை வெளியேற்ற வேண்டும். "மேனேஜ்மெண்ட்ல கேட்டீங்களா?" என்றேன். "இனிமேதான் கேக்கணும் அக்கா." அந்தப் பதிலில்தான் எனக்கு மனம் பின்வாங்கியது.

மூன்றாவது பட்டர்வொர்த்தில் டெரஸ் வீடு. ரிட்டயரான பெரியவர், மனைவி, மாலையில் வந்து போகும் பேரன். இங்கும் குறை உண்டு. பெரியவருக்கு முழங்கால் வலி, பொட்டு இழுத்தால் தாங்க மாட்டார். நடை பேரன் பொறுப்பு என்று முடிவானது. மதியத்தில் முன்வாசல் சிமெண்ட் கொதிக்கும், நாயோ மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கூண்டு கட்டித் தருகிறேன் என்றார் பெரியவர். "கூண்டு எதுக்கு? ஹால்ல ஃபேன் கீழ படுக்கட்டும்" என்றார் அவர் மனைவி.

பக்கத்தில் மலாய்க் குடும்பம், நடுவில் வெறும் கம்பி வேலி. நாயின் ஈரம் பட்டால் அவர்கள் மார்க்கப்படி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். பொட்டுவின் மூக்கு எந்தக் கம்பியிலும் நுழையும். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் வேலியின் கீழ்ப்பாதிக்குப் பிளாஸ்டிக் ஷீட் அடித்து முடித்திருந்தார். நாய் லைசென்ஸ் பாரமும் மேசையில் இருந்தது. 2015இல் வெறிநாய் நோய் வந்து, பினாங்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதை அவர் மறக்கவில்லை.

ஒரு வாரம் பார்க்கலாம் என்று விட்டுவந்தேன். மூன்றாம் நாள் போன்.

"ஏம்மா, இவன் சிலிப்பரை எங்க ஒளிப்பான்?"

"பூச்சட்டிக்குப் பின்னால பாருங்க ஐயா."

"பார்த்தாச்சு. அங்க எங்க வீட்டுக்காரம்மாளோடதுதான் கிடக்கு."