மதினிக்கு எந்தக் கத்தி: சந்தோக்குவா, கியூத்தோவா?

நாகர்கோவிலில் புதுவீடு குடியேறும் மதினிக்கு ஜப்பானியக் கத்தி ஒன்று பரிசளிக்க ஆசை. வாழ்நாள் முழுக்க அரிவாள்மனையில் குனிந்து நறுக்கியவருக்கு நல்ல கத்தி கிடைக்க வேண்டும்.

சந்தோக்கு, கியூத்தோ இரண்டுமே ஜப்பானியச் சமையல்கத்தி வகைகள். கியூத்தோவின் அலகு பெரும்பாலும் 210 அல்லது 240 மில்லிமீட்டர் நீளம். முனை கூர்மை, விளிம்பு வளைவு. முள் நீக்கிய குளச்சல் நெய்மீனை நீள இழுப்பில் மெல்லிய துண்டுகளாக்க, இரண்டில் இதுவே வசதி. ஆனால் அதற்கு அகலமான பலகையும் மேடையும் வேண்டும்.

சந்தோக்கு பெரும்பாலும் 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை. இறைச்சி, மீன், காய்கறி மூன்றுக்கும் ஆகும் என்பதே பெயரின் பொருள். விளிம்பு ஏறக்குறைய நேராக இருப்பதால் மேலிருந்து அழுத்தினாலே காய் அறுபடும். அவியலுக்குச் சேனையும் ஏத்தங்காயும் ஒரே அளவில் விழும். அகன்ற அலகிலேயே அள்ளிச் சட்டியில் போடலாம். தினமும் அவியலும் தோரனும் வைக்கும் வீட்டுக்கு இதுதான் என் தேர்வு.

எதை வாங்கினாலும் துருப்பிடிக்காத எஃகாகவே வாங்குங்கள். கரிம எஃகு அருமையாகக் கூர் ஏறும். ஆனால் நம் கடற்காற்றிலும் புளிக்கறியிலும் துடைக்க மறந்தால் துருவேறும். மீன்தலைக்கும் தேங்காய்க்கும் பழைய வெட்டுகத்தியே இருக்கட்டும், ஜப்பானிய விளிம்பு பல் உடைந்துவிடும். சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கூடாது. கத்தியோடு, தண்ணீர் விட்டுக் கையால் தீட்டும் 1000 எண் (நடுத்தரச் சொரசொரப்பு) நீர்க்கல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.