முதல் பீஸ் ஸ்கிராப் ஆனால் யார் காசு?

புதிதாகக் கண்டுபிடிக்கும் இளைஞர்களை வளர்க்க மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு நாலு திட்டம் வைத்திருக்கின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இவற்றில் ஒன்றின் பெயராவது காதில் விழுந்திருக்கும். இவற்றை ஒதுக்கீட்டுத் தொகையை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருப்பவர் எந்தப் புது வேலைக்கும் முதலில் போடும் கணக்கையே இங்கேயும் போடலாம்: முதலில் செய்து பார்க்கும் பீஸ் வீணாகி ஸ்கிராப்புக்குப் போனால் அது யார் காசு?

பள்ளியில் இரண்டு திட்டங்கள் எதிரெதிரே நிற்கின்றன. நிதி ஆயோக்கின் கீழ் 2016-ல் வந்த அடல் டிங்கரிங் லேப், தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. லேப் அமைக்க 10 லட்சம், ஐந்து ஆண்டு வரை நடத்த 10 லட்சம். முப்பரிமாண பிரிண்டர், சென்சார், ரோபோ கிட் எல்லாம் வந்து இறங்கும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளிக்கு லேப் எதுவும் வராது. யோசனை தேர்வான மாணவரின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும். அதை வைத்து மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்க வேண்டும்.

20 லட்சத்துக்குப் பக்கத்தில் 10,000 சில்லறைதான். ஆனாலும் என் ஓட்டு சில்லறைக்கே. லேப்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கும். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அப்புறம் எந்த ஆசிரியர் பிரிண்டரைப் பிரித்துப் பார்க்க விடுவார்? பத்தாயிரம் ரூபாய் கையில் இருக்கும் மாணவரோ வெல்டிங் பட்டறைக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் நடந்தே ஆக வேண்டும். அங்கே பேரம் பேச வேண்டும், இப்படிச் செய்தால் நிற்காது என்று திட்டும் வாங்க வேண்டும். தோற்றாலும் கற்றது கையோடு வரும்.

லேப் பக்கம் ஒரு நியாயத்தை மறுக்க முடியாது. பட்டறை வாசலில் பெண் பிள்ளைகளை நிற்கவிடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் குறைவு. அவர்களில் பலருக்கு ஸ்பேனரும் சால்டரிங் அயர்னும் கைக்கு எட்டும் ஒரே இடம் இந்த லேப்தான். அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டில் மேலும் 50,000 லேப் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்லது.

கல்லூரிப் பக்கம் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம், 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்குத் திறன் பயிற்சி என்பது இலக்கு. வேலைக்குப் போக உதவும் நல்ல திட்டம். ஆனால் இதன் முக்கிய வேலை பயிற்சி தருவதுதான் என்பதால், இந்தப் போட்டியில் இதைச் சேர்க்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டுக்கு நேராகப் பொருந்த வேண்டியது, பட்டறையிலேயே வேலை பழக வைக்கும் அப்ரண்டிஸ் திட்டம். பழகுபவருக்கு முதலாளி தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு ஏற்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். நாலு பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். இங்கேதான் இடிக்கிறது. முதலாளியும் இரண்டு ஆளுமாக ஓடும் ஜாப் ஒர்க் பட்டறை கணக்குக்குள்ளேயே வராது. பம்ப்புக்கும் கிரைண்டருக்கும் உதிரி செய்யும் பல பட்டறைகள் இந்த அளவுதான். பையனை மெஷினில் கை வைக்க விட்டால் வீணாகும் கட்டிங் டூலும் வார்ப்படமும் முதலாளி தலையில். 1,500 ரூபாய் அதற்குக் காணாது.

கடைசியாக, தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் என்ற மானியம். யோசனையை மாதிரியாக்க 2 லட்சம் வரை, அதைச் சந்தைக்குக் கொண்டு போக 5 லட்சம் வரை. கூடவே ஒரு கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனம் துணை நிற்க வேண்டும். 1945-ல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), 1951-ன் பி.எஸ்.ஜி. டெக் கல்லூரி, 1956-ன் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா எல்லாம் இருக்கும் கோவையில் துணை தேடுவது பெரிய பாடு இல்லை. பள்ளியைத் தாண்டிவிட்டால், முதல் பீஸின் செலவை அரசு நேராக ஏற்பது இந்த வரிசையில் இதுதான். இதைப் பற்றித்தான் குறைவாகவும் பேசுகிறோம்.

இதெல்லாம் இல்லாமலே 1955-ல் கோவைக்காரர் சபாபதி மாவரைக்கும் வெட் கிரைண்டர் செய்யவில்லையா, வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த முருகானந்தம் நாப்கின் இயந்திரத்துக்காக 2016-ல் பத்மஸ்ரீ வாங்கவில்லையா என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் கைக்காசைப் போட்டு ஜெயித்தவர்கள் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். பாதியில் காசு தீர்ந்து பட்டறையை மூடியவர்களுக்கு யார் விழா எடுத்தார்கள்?

ஆக, பள்ளிப் பிள்ளைக்கு இன்ஸ்பயர், பக்கத்தில் லேப் திறந்திருந்தால் இன்னும் நல்லது. ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கத் துடிக்கும் பட்டறைக்காரருக்கும் வவுச்சர். அப்ரண்டிஸ் திட்டத்தை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. பல முதலாளிகள் சேர்ந்தோ ஒரு முகமை மூலமோ பயிற்சி தர 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தெருவுக்குப் பத்துப் பட்டறை இருக்கும் ஊரில் பட்டறை முதலாளிகளின் சங்கங்கள் அதைக் கையில் எடுத்து, ஒரு பையன் நாலு மாதம் லேத், நாலு மாதம் ஃபவுண்டரி, நாலு மாதம் வார்ப்புக்கு அச்சு செய்யும் பேட்டர்ன் கடை என்று சுற்றி வர ஏற்பாடு செய்யலாம். வீணாகும் பொருளுக்கு ஒரு பொது நிதியும் வைத்துவிட்டால் முதலாளிகள் தயங்க மாட்டார்கள்.