கட்டுரைக்குள் லிங்க்: சில வருடப் பழக்கத்தில் கண்டது

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்துப் பழைய கதைகளை இணையத்தில் எழுதி வருகிறேன். தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதி என்பதால் ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லிவிட முடியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்று எழுதினால், 'யார் சொன்னது?' என்று கேட்க கொல்லத்திலும் ஆள் உண்டு, தென்காசியிலும் ஆள் உண்டு. ஆகவே வெளி லிங்க் கொடுத்தே ஆக வேண்டும். அதை எங்கே கொடுப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

தொடக்கத்தில் எல்லாரையும் போல வாக்கியத்தின் நடுவில் வைத்தேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் இது ஒத்துவரவில்லை. "கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல்" என்பது வரை வந்தவர் நீல எழுத்தைத் தொட்டுவிட்டால், பாதை திறக்கப்பட்டதா மூடப்பட்டதா என்று தெரியும் முன்பே வெளியே போய்விடுகிறார். திரும்பி வந்தால் வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை?

என் வாசகர்களில் பலர் ரயிலில் உட்கார்ந்து போனில் படிப்பவர்கள். புனலூர் வண்டி பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடும். அந்த நேரத்தில் லிங்கைத் தொட்டவருக்கு வெள்ளைத் திரைதான். சரி, புது டேப்பில் திறக்கட்டும் என்று மாற்றினேன். கம்ப்யூட்டரில் அது வசதி. போனில் பழக்கமில்லாதவர்களுக்குத் தொல்லை. "தம்பி, பேக் எத்தனை தடவை அமுக்கினாலும் உங்க கட்டுரை வரமாட்டேங்குதே" என்றார் பக்கத்துக் கடை அண்ணாச்சி. புது டேப்பில் பேக் பட்டனுக்குப் போக இடமில்லை என்பதை அவருக்குப் புரியவைப்பதைவிட, பழையபடி மாற்றுவது சுலபமாக இருந்தது.

லிங்குகளைக் கட்டுரைக்கு அடியில் வைப்பது பற்றி அமெரிக்க எழுத்தாளர் நிக்கலஸ் கார் 2010-இல் எழுதியிருந்தார். அதையும் செய்து பார்த்தேன். படிப்பது சுகமாக இருந்தது என்னவோ உண்மை. ஆனால் எந்தத் தகவலுக்கு எந்த லிங்க் என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது பத்தியின் முடிவில், தனி வாக்கியமாக வைக்கிறேன். தகவலை என் எழுத்திலேயே முழுதாகச் சொல்லிவிடுவேன். பிறகு "புனலூர்–செங்கோட்டை அகலப்பாதை 2018-இல் திறக்கப்பட்ட செய்தி இங்கே" என்று ஒரு வரி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே தொடுகிறார்கள். 'இங்கே' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் லிங்க் போடுவதில்லை. அந்த வரி முழுவதற்கும் போடுகிறேன். போனில் கட்டைவிரலுக்கு அதுதான் எட்டும். வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

தமிழுக்கென்று இரண்டு தொந்தரவுகள் உண்டு. ஒன்று அடிக்கோடு. பதின்மூன்று கண் ரயில் பாலத்துக்குப் பக்கத்து ஊர் கழுதுருட்டி. அந்தப் பெயரில் ழு, து, ரு மூன்றும் கீழே வால் தொங்குபவை. அடிக்கோடு அந்த வால்களில் முட்டி, துண்டு துண்டாக விட்டு விட்டுத் தெரியும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிய பிறகுதான் கண்ணுக்கு ஒழுங்கானது. மற்றது, தமிழில் உள்ள இணைய முகவரிகள். செங்கோட்டை என்ற பெயர் அடங்கிய முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அந்த ஒரு பெயர் மட்டுமே சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 90 குறிகளுக்கு நீண்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பயந்து தொடாதவர்கள் இருக்கிறார்கள். முகவரியை அப்படியே ஒட்டாமல் தலைப்புச் சொற்களுக்குள் மறைத்துவிடுகிறேன்.

இந்த முறையிலும் தீராதது லிங்க் செத்துப்போவது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. அதனால் எழுதி முடித்ததும் லிங்க் கொடுத்த ஒவ்வொரு பக்கத்தையும், இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். சில தளங்கள் சேமிக்க விடுவதில்லை. அரசு ஆணை மாதிரியானவற்றுக்கு ஆணை எண்ணையும் தேதியையும் கட்டுரையிலேயே எழுதிவிடுகிறேன். லிங்க் போனாலும், வேண்டியவர் அதை வைத்து ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொள்ளலாம்.