லாண்ட் ரோவர், 4டிஆர்5 ஜீப், பிஜே40: உப்புக்காற்றிலும் சேற்றிலும் எது கட்டுப்படியாகும்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் வந்து நிற்கும். ஒன்று பிரிட்டனின் லாண்ட் ரோவர் சீரிஸ் 3. அடுத்தது மிட்சுபிஷி ஜீப். அதை எஞ்சின் பெயரைச் சொல்லி 4டிஆர்5 என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது டொயோட்டா லாண்ட் குரூஸர் பிஜே40. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலையும் ஏறிப்போனது, அவற்றைப் பற்றிய பேச்சும் ஏறிப்போனது.

பேச்சு எப்போதும் எஞ்சினைச் சுற்றியே ஓடும். லாண்ட் ரோவர் 2286 சிசி, 62 குதிரைவலு. மிட்சுபிஷி 2659 சிசி. பிஜே40இன் பி எஞ்சின் 2977 சிசி, பிறகு வந்த பிஜே42இன் 3பி எஞ்சின் 3431 சிசி. ஏற்றத்தில் எது இழுக்கும் என்று கேட்டால் டொயோட்டாதான், அதில் சண்டையில்லை. ஆனால் நமது பக்கம் ஏற்றம் எங்கே இருக்கிறது? இங்கினியாகலைக்கு அப்பால் போனால்தான். மற்றபடி வயல், மணல், வெள்ளம் மூன்றும்தான். பிந்திய காலத்து மிட்சுபிஷி ஜீப் சிலவற்றைத் தவிர்த்தால், இந்த மூன்று எஞ்சின்களிலும் டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, அறுந்து வால்வை வளைக்கிற டைமிங் பெல்ட்டும் இல்லை. பிறகு வந்த பஜெரோவின் 4டி56, ஹைலக்ஸ் சர்ஃபின் 2எல்டி ஆகியவற்றில் அந்த பெல்ட் பயமும் உண்டு, சூடேறினால் ஹெட் வெடிக்கிற பயமும் உண்டு. ஆகவே எஞ்சின் பலம் இரண்டாவது கேள்வி. பழுதானால் பக்கத்தில் யாருக்குக் கை பழக்கம், உப்பு எந்த இடத்தைத் தின்னும் என்பதுதான் முதல் கேள்வி.

லாண்ட் ரோவரைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது: சாமான் கிடைக்காது, ஒயில் ஒழுகும், தலையிடி. ஒயில் ஒழுகுவது உண்மை. சாமான் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வண்டிக்கு வயல் பக்கத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அதன் டீசல் பம்ப் சிஏவி நிறுவனத்தின் டிபிஏ வகை. மெசி பெர்கியூசன் 135, 240 உழவு மெஷின்களிலும் அதே குடும்பப் பம்ப்தான். நட்டு போல்ட்டும் அங்குல அளவு, மெஷினும் அங்குல அளவு. மின்சாரம் 12 வோல்ட், அதுவும் அப்படியே. சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ உழவு மெஷின் திருத்துகிற கராஜில் அங்குல ஸ்பெனர் செட் சுவரில் தொங்கும். ஜப்பான் வண்டி மட்டும் பார்க்கிற கராஜில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு கவனம். பம்ப் ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே பம்ப் ஆகிவிடாது. 135இன் எஞ்சின் மூன்று சிலிண்டர், லாண்ட் ரோவர் நான்கு. சீல், ஓ ரிங் பொருந்தும். டீசல் விடுகிற அளவும் உச்ச வேகமும் வேறு. பம்பைக் கழற்றிக் கொடுக்கும்போது இது எந்த வண்டிக்கு என்று எழுதிக் கட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் மெஷின் கணக்கில் செட் பண்ணி அனுப்பிவிடுவார்கள், வண்டி ஓடும், ஆனால் வண்டி மாதிரி ஓடாது.

டிபிஏக்கு இன்னொரு குணம்: அதன் உள்பாகம் முழுவதையும் வழுவழுப்பாக வைத்திருப்பது டீசல்தான், வேறு ஒயில் கிடையாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனிலும் பீப்பாவிலும் சேர்த்து வைத்த டீசலையும், மண்ணெண்ணெய் கலந்ததையும் ஊற்றி ஓடிய வண்டிகளில் இந்தப் பம்ப்தான் முதலில் தேயக்கூடியது. ஜப்பான் வண்டிகளின் நீட்டு பம்பில் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அடுக்கிய வகை) கேம் பகுதி ஒயிலில் நனைந்து ஓடுவதால் கொஞ்சம் பொறுக்கும். தண்ணீரை மட்டும் இரண்டுமே பொறுக்காது. காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் பில்டரின் அடி நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அதோடு, பழைய லாண்ட் ரோவரில் ஸ்டார்ட் பண்ணுமுன் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குகள் நான்கும் தொடராக வயர் பண்ணப்பட்டவை. ஒன்று போனால் நான்கும் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர் போகிற வகைக்கு மாற்றிவிட்டால் மழைக்காலத்துக் காலைச் சிரமம் பாதி குறையும்.

4டிஆர்5 லொறிப் பக்கத்துச் சொந்தம். 1953இல் வில்லிஸிடம் அனுமதி வாங்கி மிட்சுபிஷி செய்யத் தொடங்கிய ஜீப், 1998 வரை பெரிதாக முகம் மாறாமல் வந்தது. எஞ்சின் பழைய கண்டர் லொறியிலும் இருந்தது. ஆகவே லைனர், பிஸ்டன், கேஸ்கட் தேடுகிறவர் ஜீப் சாமான் என்று கேட்காமல் லொறி சாமான் என்று கேட்பது கெட்டித்தனம். கிடைக்காவிட்டால் கொழும்பில் வாகன சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் காலையில் கல்முனையில் இறங்கும்.

ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த டீசல் ஜீப்புகள் பல 24 வோல்ட்டில் வரும், இரண்டு பற்றரியோடு. லொறிக் கடையில் பல்ப் கிடைப்பதால் அது ஒரு குறையே அல்ல. குறை செய்வது நாம்தான். ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் இழுத்து விடுவார்கள். அந்தப் பற்றரி எப்போதும் அரைவயிறு, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போகும். 24ஐ 12 ஆக்குகிற கன்வெர்டர் ஒன்று இரண்டு பற்றரியின் விலையில் சிறு பங்குதான்.

பிஜே40 பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். எஞ்சின் மூன்றிலும் முரட்டுத்தனமானது, டைமிங் கியரில் ஓடுவது, பழைய டைனா லொறியும் அதே குடும்பம். அடிக்கடி காண்கிற கோளாறு பம்பின் பின்பக்கத்துத் தோல் டயஃப்ரம். தோல் காய்ந்து வெடித்தால் ஐட்லிங் ஏறி இறங்கும், கறுப்புப் புகை தள்ளும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் நிற்கும். அதைப் பார்த்து எஞ்சினே போய்விட்டது என்று சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். முதலில் அந்தத் தோலைக் கழற்றிப் பாருங்கள்.

டொயோட்டாவின் பிரச்சினை எஞ்சினில் இல்லை, தகட்டில் இருக்கிறது. இங்கேதான் நமது ஊர் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வாழ்கிறோம். கல்லடியிலோ திருக்கோவிலிலோ வீட்டு வாசலில் சும்மா நிற்கிற வண்டிக்கும் உப்புக் கிடைக்கும். பிஜே40இன் பின்பக்க மூலைகளும் கதவுக்குக் கீழேயுள்ள சட்டமும் இரட்டைத் தகடு. உள்ளே போன ஈரம் வெளியே வராது. பெயின்ட் கொப்புளம் போட்டு வெளியே தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே இல்லை. பிறகு டிங்கரிங் பண்ணுகிறவர் ஒட்டுத்தகடு வைத்துப் புட்டி பூசிப் பளபளப்பாக்குவார். அடுத்த மாரிக்கு அதன் ஓரத்திலேயே திரும்பக் கொப்புளம். வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைப்பதுதான் வேலை, அதற்கு நல்ல கை வேண்டும், நல்ல கைக்குக் காசு வேண்டும்.

மிட்சுபிஷி ஜீப்பும் இரும்புதான், துருவும் பிடிக்கும். ஆனால் அதன் உடம்பு தட்டையான தகடுகள். படகு வேலையும் கேட்டு வேலையும் செய்கிற வெல்டிங் கடைக்காரர்கூட மிதிதளத்தை வெட்டி மாற்றிவிடுவார், அழகு பார்க்காவிட்டால். லாண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை. போருக்குப் பிந்திய பிரிட்டனில் உருக்குத் தட்டுப்பாடாக இருந்ததால் 1948இல் அப்படிச் செய்யத் தொடங்கினார்கள், அது நமது கடற்கரைக்குத் தற்செயலாக வாய்த்த வரம். வரம் முழுமையானதல்ல. அலுமினியம் இரும்பு போல்ட்டைத் தொடுகிற இடமெல்லாம் உப்பு ஈரத்தில் வெள்ளைத் தூள் தள்ளி அரிக்கும். அதைவிட முக்கியம், வண்டியின் அடிச்சட்டமான செசியும் காலடிக்கு முன்னாலுள்ள பல்க்ஹெட்டும் இரும்பு. செசி பெட்டி வடிவம் என்பதால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பளபளக்கும் உடம்பைப் பார்த்து மயங்காமல் சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்து, பின்குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் எல்லாம் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்கிற இடத்தில் பேரத்தை நிறுத்திவிடலாம்.

மூன்றுக்கும் பொதுவான மருந்து மலிவானது. பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ ஈர மணலில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும், செசியின் ஓட்டைகளுக்குள்ளும் குழாயை விட்டு. காய்ந்த பிறகு உள்ளே ஒயில் அடிக்கலாம். ரப்பர் புஷ், பிரேக் குழாய் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியில் வெள்ளத்துக்குள் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. கிரான் புலிபாய்ந்தகல் வீதியையோ சாகாமம் பக்கத்து வயல் பாதைகளையோ நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சூடேறிய அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, அச்சின் காற்றுப் போக்குக் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். மறுநாள் டிஃபரன்ஷல் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறமென்றால் உடனே மாற்ற வேண்டும். லாண்ட் ரோவரின் முன்சக்கரம் திரும்புகிற உருண்டையில் மேற்பூச்சு துருவிக் குழி விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது. பிஜே40இல் உள்சீல் போனால் டிஃபரன்ஷல் ஒயில் முன்சக்கரம் திரும்புகிற நக்கிளின் கிறீஸில் கலந்து கூழாகும். செலவில் பெரிய வித்தியாசமில்லை, வேலை நேரத்தில் டொயோட்டாவுக்குக் கொஞ்சம் கூடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருந்து, விதைநெல்லும் உரமும் ஏற்றி, வண்டியைத் தானே பாதி திருத்திக்கொள்கிறவருக்கு நான் 4டிஆர்5ஐத்தான் சொல்வேன். உழவு மெஷின் கராஜோடு நல்ல பழக்கம் உள்ளவர், செசி சுத்தமான லாண்ட் ரோவர் அகப்பட்டால் தயங்கத் தேவையில்லை. பிஜே40 விற்கும்போது காசைத் திருப்பித் தரும் என்பது உண்மை, ஆனால் அதைக் கூரைக்குக் கீழ் நிறுத்த இடமுள்ளவர் வாங்கட்டும்.

எஞ்சினைத் திறந்து செய்வதா, வேறு எஞ்சின் போடுவதா என்ற கேள்வி லாண்ட் ரோவர்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். ஐசுசு எல்ஃப் லொறியின் 4ஜேபி1, 2771 சிசி, டீசலைச் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கிற வகை. டீசல் குறையும், இழுவை கூடும். அந்தக் கூடிய இழுவையைத் தாங்க சீரிஸ் கியர்பொக்ஸும் பின் அச்சுத் தண்டுகளும் செய்யப்படவில்லை. எஞ்சின் நன்றாக இருக்கும், சேற்றில் புதைந்து அழுத்தி மிதிக்கும்போது தண்டு முறியும். மெதுவாக ஓட்டுகிறவருக்குப் பரவாயில்லை. கிராங்க் இன்னும் அரைக்கத் தோதான அளவிலிருந்தால் நான் பழையதையே செய்யச் சொல்வேன்.

மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைப் பதிந்தே மாற்ற வேண்டும். ஏற்கெனவே மாற்றிய வண்டியை வாங்குகிறவர், புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் எஞ்சினில் குத்தியுள்ள இலக்கத்தையும் தானே துடைத்து வாசித்துவிட்டு, செசி இலக்கத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.